அத்தான் தூக்கின கொடி

சிலுவைதாசன் வீட்டுக்கா? இருங்க அண்ணாச்சி. அவசரப்படாதீங்க, வீடு எங்கயும் ஓடிப்போகாது. இப்படி பெஞ்சில உக்காருங்க. ஸ்டீபா, ரெண்டு சாயா போடு. ஒங்களுக்கு சுகர் உண்டுமா? பாத்தா உண்டும் போலத்தான் இருக்கு. ஒண்ணுல சீனி போடாத, ஸ்டீபா.

சலவ வேட்டி, கக்கத்துல பை, யாருகிட்ட கேக்கலாம்னு ஒரு முழி. பொண்ணு வீட்டுக்காரருன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு. பஸ்ஸுல வந்து எறங்கினதும் இங்க வந்துட்டீங்க, நல்லது. அவருக்க மகன் ஷாஜினுக்குத்தான பாக்குதீங்க? கப்பல்ல வேல பாக்கானே, அவனுக்கு? ஆங், நெனச்சேன். பொண்ணக் குடுக்கதுக்கு முன்னால ஊருக்குள்ள விசாரிக்கணும்லா. வீட்ல போயிக் கேட்டா காப்பியும் முறுக்கும் கெடைக்கும், உள்ளது கெடைக்காது. உள்ளது வேணும்னா சாயாக்கடைக்குத்தான் வரணும்.

சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கீங்க. அந்த வீட்டப் பத்தி என்னைய விடத் தெரிஞ்சவன் இந்த ஊர்ல கெடையாது. நான் யாரா? சிலுவைதாசன் கெட்டியிருக்கது எனக்க அக்காள. பிலோமி, ஒரே அக்கா. மாப்பிள்ள பயலுக்கு நான் தாய்மாமன். பேரு ரூபன். கொக்கு ரூபன்னு கேட்டா சின்னப் பிள்ளயும் கைகாட்டும். மாமன்னதும் எழும்பிக் கும்பிடாதீங்க, இருங்க. அந்த வீட்டுப் படிய நான் மிதிச்சு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஏன்னு கேட்டுட்டுப் பொறவு கும்பிடுங்க.

நான் கலியாணம் முடக்குற ஆளு இல்ல, அத மொதல்லயே சொல்லிருதேன். கோயில்ல கலியாண ஓலை வாசிக்கும்போது எழும்பி நின்னு தடை சொல்லுறவன் இல்ல. உள்ளத உள்ளபடி சொல்லுவேன். கேட்டுக்கிடுங்க, முடிவு ஒங்க கையில. திரும்பிப் போக பஸ்ஸு உண்டும், நானே கைகாட்டி நிறுத்தி ஏத்திவிடுதேன்.

எனக்க காலப் பாருங்க அண்ணாச்சி. இந்த வலது காலு. இப்ப மீன் வண்டி ஓட்டுது. துறையில இருந்து சந்தைக்கு, சந்தையில இருந்து துறைக்கு. கோவாவுல சம்பளத்துக்குப் பந்து அடிச்சிருக்க வேண்டிய காலு, பிரேக்க மிதிச்சிட்டுக் கெடக்கு. யாரு காரணம்? அதத்தான் சொல்ல வாறேன்.

எங்க கடக்கரையில பிள்ளைங்க நடக்கப் படிக்கும்போதே பந்து அடிக்கத் தொடங்கிரும். எனக்கு அந்தக் குடுப்பன இல்ல. எங்க அப்பன் விடியுததுக்கு முன்னால என்னைய எழுப்பி கரமடி வலை இழுக்கக் கூட்டிட்டுப் போயிருவாரு. பந்தத் தொட்டதே பதினஞ்சு வயசுலதான். கோயில் திருழாவுக்கு செவன்ஸ் போட்டி நடக்கும், மணல்ல, வள்ளத்த எல்லாம் ஒதுக்கிப் போட்டுட்டு. பக்கத்துக்கு ஏழு பேரு. அந்த வருசம் எங்க தெரு டீமுல ஒருத்தன் காச்சல்ல படுத்துட்டான். ஆளு தெகையல்ல. என்னையப் பிடிச்சு, 'லே ரூபா, நீ ஒண்ணும் செய்யாண்டாம், அவனுவளுக்க கோல் போஸ்டுப் பக்கத்துல போயி சும்மா நில்லு'ன்னானுவ. நின்னேன். பந்து வந்துது. காலக் காட்டினேன். கோலு. மறுபடி வந்துது, மறுபடி கோலு. ஊரு கெடந்து துள்ளுது. அன்னைக்கு வச்ச பேருதான் கொக்கு. ஓடமாட்டான், சாடமாட்டான், நின்ன எடத்துல நிப்பான், மீனு வந்தா விடமாட்டான். கேலி இல்ல அண்ணாச்சி. பட்டம்.

பொறவு குளச்சல்ல இருந்து இங்கோட்டு எந்தத் திருழாவுல செவன்ஸ் நடந்தாலும் கொக்கு வரணும்பாங்க. ஆட்டுக்கிடா பரிசு, வாழக்கொல பரிசு, ஒரு மட்டம் சீலிங் பேன் கூட வாங்கியிருக்கேன். எனக்குள்ள ஒரு கெறுவு வந்துட்டு. அந்தச் சமயம் பாத்து பக்கத்துத் துறைக்காரன் ஒருத்தன் கல்கத்தாவுல ஒரு கிளப்புல வெளாடப் போயி லீவுக்கு வந்தான். பந்து அடிக்கதுக்கு மாசாமாசம் சம்பளம்! திங்க சோறு, தங்க எடம், காலுக்கு பூட்ஸ், எல்லாம் கிளப்புக்காரன் செலவு. எனக்குப் பொறவு ஒறக்கம் ஏது? நானும் போவேன், பேப்பர்ல போட்டோ வரும், எங்க அப்பன் அந்தப் பேப்பரக் கொண்டுபோயி சந்தையில எல்லாவனுக்கும் காட்டுவாருன்னு நெனச்சு நெனச்சுக் கெடப்பேன். சிரிக்காதீங்க. அந்த வயசுல நீங்க என்னத்த நெனச்சுக் கெடந்தீங்க?

அப்பன் ஒத்துக்கிடல்ல. 'பந்த வேவிச்சுத் திங்க முடியுமாலே?'ன்னு ஒரே பெகளம். அப்பதான் அந்த மனுசன் உள்ள வாறாரு.

சிலுவைதாசன் அத்தானுக்குப் பக்கத்து ஊரு, அக்காளக் கெட்டின பொறவு இங்கதான் குடி. போட்டு எஞ்சின் மெக்கானிக். கை எப்பளும் கிரீசு. ஞாயிற்றுக்கிழம ஆனா வேற ஆளு. பரீச்ச எழுதிப் பாசான ரெப்ரி அவரு. கறுப்புச் சட்ட, விசில், கொடி. பெரிய மேட்ச்னா நாகருகோவில்ல இருந்து ஆள்விட்டுக் கூப்பிடுவாங்க. அவரு எங்க அப்பன்கிட்ட வந்து, 'மாமா, பயல ரெண்டு வருசம் விடுங்க, அவனுக்குப் பதிலா கரமடிக்கு நான் வாறேன்'ன்னாரு. வரவும் செஞ்சாரு. காலையில வலை இழுத்துட்டு, குளிச்சிட்டு, பொறவு ஒர்க்ஷாப்புக்குப் போவாரு.

இதக் கேட்டு நல்ல மனுசன்னு நெனப்பீங்க. அங்கதான் எல்லாருக்கும் தப்பு வருது. எதுக்குச் செஞ்சாரு? மச்சினனுக்கு வேண்டி மருமகன் கெடந்து வலை இழுக்காருன்னு ஊரு பேசணும். பேரு அவருக்கு, பழி எனக்கு. பூட்சும் அவருதான் வாங்கித் தந்தாரு. ஒரு சைசு பெருசு. 'காலு வளரும்லே, இப்ப ரெண்டு சாக்ஸ் போட்டுக்க'ன்னாரு. இதுல இருந்தே குணம் தெரியல்லியா?

இன்னொண்ணு சொல்லுதேன். எங்க அப்பனுக்கும் பக்கத்து வீட்டு அந்தோணிமைக்கும் கடல்ல வலை சிக்கி ஒரு தகராறு. யாரு வலை மேல யாரு வலை போட்டதுன்னு கோயில் கமிட்டியில வழக்கு. கரையில நின்னு பாத்தது அத்தான்தான். கமிட்டிக்காரங்க அவரக் கூப்பிட்டுக் கேட்டாங்க. வாயத் தொறந்து என்ன சொன்னாருன்னு நெனைக்கீங்க? 'தப்பு எங்க மாமா மேலதான்.' பெண்ணக் குடுத்த மாமனாரு, பக்கத்துல நிக்காரு! எங்க அப்பன் தலையத் தொங்கப் போட்டுட்டு வெளிய வந்தாரு. சொந்த மருமகன் செய்யக்கூடிய காரியமா அண்ணாச்சி இது? தெரியல்லன்னு சொல்லிட்டுப் போனா நாக்கு தேஞ்சா போகும்? என்ன தலையாட்டுதீங்க? ஒங்களுக்குப் புரியுதுலா. சாயா ஆறுது, குடிங்க.

செலக்சனுக்கு வாறேன். எனக்குப் பதினேழு வயசு. கோவாவுல ஒரு பெரிய கிளப்புக்காரங்க நாகருகோவிலுக்கு வாறாங்க. எங்க கடக்கரைப் பயலுவ ஒரு டீமு, மலைப்பக்கத்துப் பயலுவ ஒரு டீமு. ஒரே மேட்ச். அதுல இருந்து ரெண்டு பேர ஜூனியர் டீமுக்கு எடுத்துட்டுப் போவாங்க. சம்பளத்தோட. இதுக்குத்தான நான் ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்தேன்? இது போச்சுன்னா திரும்ப வலைதான், தெரியும்லா.

ஆனா இது பதினொண்ணு பேரு ஆட்டம், புல்லுத்தரை. அத்தான் சாயங்காலம் சாயங்காலம் என்னைய மணலுக்குக் கூட்டிட்டுப் போயி ஆரம்பிச்சாரு. 'லே, செவன்ஸ்ல ஆப்சைடு பாக்கமாட்டானுவ. நீ கோலுப் பக்கத்துல படுத்துக் கெடந்தாலும் கேள்வியில்ல. அங்க அது நடக்காது. நம்ம ஆளு பந்த அடிக்கிற நேரத்துல, எதிர்க்கட்சியில கோல் கீப்பருக்கு முன்னால கடைசியா ஒருத்தன் நிப்பாம்லா, அவனத் தாண்டி நீ நிக்கப்படாது. நின்னா கொடி ஏறும். கொடி ஏறினா நீ போடுத கோலு கோலு இல்ல.' சொல்லிட்டு, காலுல கெடந்த செருப்பக் கழத்தி மணல்ல வைக்காரு. அக்காவுக்க செருப்பையும் வாங்கி வரிசையா வைக்காரு. 'இதெல்லாம் அவனுவ. இந்தக் கடைசிச் செருப்பத் தாண்டாத. இதுக்கு இந்தப் பக்கம் நில்லு, பந்து கெளம்பின பொறவு ஓடு.' தெனமும் இதே எளவு. எனக்கு, கொக்கு ரூபனுக்கு, செருப்பக் காட்டி பாடம்! கடக்கரையே பாத்துட்டு நிக்குது. கோலு போடத் தெரிஞ்சவனுக்கு எங்க நிக்கணும்னு தெரியாதா? நான் மண்டைய மண்டைய ஆட்டிட்டு கடலப் பாத்துட்டு நிப்பேன்.

மேட்ச் அன்னைக்கு எனக்க பையையும் தண்ணிக் குப்பியையும் அவருதான் தூக்கிட்டு வந்தாரு. அக்காவும் வந்தா, ஷாஜின இடுப்புல வச்சுக்கிட்டு. ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். கோவாக்காரங்க ரெண்டு பேரு கொடைக்கு அடியில நாற்காலி போட்டு இருக்காங்க. ஆட்டம் தொடங்கணும், கோட்டோரம் நிக்குத ரெண்டு கொடிக்காரன்ல ஒருத்தனக் காணல்ல. மார்த்தாண்டத்துல இருந்து பைக்குல வாற ஆளு, வழியில வண்டி மக்கர் பண்ணிட்டாம். நடத்துறவங்க சுத்திமுத்திப் பாத்துட்டு, 'சிலுவைதாசன் நிக்காரே, பிறகென்ன'ன்னாங்க.

அந்த மனுசன் மாட்டேன்னுட்டாரு. 'எனக்க மச்சினன் வெளாடுதான், நான் கொடி பிடிச்சா சரிப்படாது'ன்னாரு. வேற ஆளு இல்ல. மலைப்பக்கத்து டீமு மேனேஜரக் கேட்டாங்க. அவன் சொல்லுதான், 'சிலுவைதாசன்னா எங்களுக்குச் சம்மதம்.' பாத்தீங்களா? எதிர்க்கட்சிக்காரன் சம்மதிக்கான் அண்ணாச்சி! அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல்ல. எனக்கு ஒரே சந்தோசம். கொடி நம்ம வீட்டு ஆளு கையில! மாதாவே கொண்டு தந்த மாதிரி இருந்துது. பூட்ஸ் கெட்டும்போது அவருகிட்ட மெதுவாச் சொன்னேன், 'அத்தான், நம்மளக் கொஞ்சம் கண்டுக்கிடணும்.' அவரு எனக்க மொகத்தப் பாக்காம, 'கடைசி ஆளப் பாத்து நில்லுலே'ன்னாரு. நாலு பேரு கேக்க அப்படித்தான சொல்லமுடியும்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

ஒரு கொடிக்காரனுக்கு மைதானத்துல பாதிதான் அண்ணாச்சி. அந்தப் பாதிக்கு ஒருத்தன், இந்தப் பாதிக்கு ஒருத்தன். மொதப் பாதி ஆட்டத்துல நாங்க கோலு போடப் போற பக்கத்துல வேற ஒருத்தன் கொடி பிடிச்சான். யாருன்னே தெரியாது, மெலிஞ்ச ஆளு, மூஞ்சில சிரிப்பே கெடையாது. இவன் நம்மள வாழவிடமாட்டான்னு பயந்து நான் அந்தக் கடைசி ஆளையே பாத்துட்டு நின்னேன். அவன் ஒரு அடி வச்சா நானும் ஒரு அடி. பந்து கெளம்பினதும் ஓடினேன். எங்க டீமுல நடுவுல வெளாடின ஜெனிட்டன்னு ஒருத்தன், நல்ல பய, கரெக்டா போட்டுத் தந்தான். வலது காலு. கோலு! கோவாக்காரன் ஒருத்தன் நாற்காலியில இருந்து எழும்பிட்டான். அக்கா பிள்ளைய மேல தூக்கிக் காட்டுதா. கொடி ஏறல்ல. அந்தப் பாதி முழுக்க எனக்கு ஒரு கொடி ஏறல்ல அண்ணாச்சி.

எடவேள கழிஞ்சு பக்கம் மாறிச்சு. இப்ப நாங்க அடிக்கப் போற பக்கத்துல கொடி யாரு? அத்தான். எனக்கு அப்பமே ஒரு தைரியம் வந்துட்டு. வரும்லா? யாருக்குத்தான் வராது? இனி எதுக்குக் கெடந்து அந்தக் கடைசி ஆளக் காவல் காக்கணும்? நான் நாலு அடி கூடுதலா முன்னால போயி, எனக்குப் பழக்கமான எடத்துல, கோல் கீப்பருக்க மூச்சு மேல படுத எடத்துல போயி நின்னேன். பந்து வந்துது. கொடி ஏறிட்டு. கை தவறித் தூக்கிட்டாரு போலன்னு விட்டேன். மறுபடி வந்துது. மறுபடி கொடி. நான் அவரப் பாத்துக் கண்ணக் காட்டுதேன், கையக் காட்டுதேன், அத்தான் அத்தான்னு மெதுவாக் கூப்பிடுதேன். கல்லு மாதிரி நிக்காரு. ஆறு மட்டம் அண்ணாச்சி. ஆறு மட்டம் தூக்கினாரு. மலைப்பக்கத்துப் பயலுவ ஒருத்தன ஒருத்தன் பாத்துச் சிரிக்கானுவ. ஜெனிட்டன் எங்கிட்ட ஓடிவந்து, 'லே ரூபா, பின்னால வா, பின்னால வா'ன்னு கெஞ்சுதான். நான் ஏன் வரணும்? அது எனக்க அத்தான்!

யோசிச்சுப் பாருங்க. அன்னியன் கொடி பிடிச்சப்ப எங்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. சொந்தக்காரன் பிடிச்சப்ப நிக்குத எடமெல்லாம் குத்தம். இதுக்கு என்ன அர்த்தம்? மனசுல வெசம் இருக்குன்னுதான அர்த்தம்? இத ஒருத்தரும் இன்னைக்கு வர ஒத்துக்கிடல்ல. நீங்களாவது ஒத்துக்கிடுங்க.

என்னமோ சொல்ல வாறீங்க, இருங்க, முடிச்சிருதேன். நல்ல எடம் இதுதான்.

அவனுவளும் ஒண்ணு போட்டுட்டானுவ, ஒண்ணுக்கு ஒண்ணு சமம். ஆட்டம் முடியப் போவுது. ஜெனிட்டன் எல்லாருக்கும் மேல ஒரு பந்து தூக்கிப் போட்டான். நான் தனியா நிக்கேன். சுத்தி ஒருத்தன் இல்ல. நெஞ்சுல வாங்கினேன், தரையில விழ விடல்ல, அடிச்சேன் பாருங்க. வலை பிஞ்சிருக்கணும். எனக்க ஆயுசுல அப்படி ஒரு கோலு நான் போட்டதில்ல. சட்டையக் கழத்தி எறிஞ்சேன். முட்டுக்குத்தி நின்னு சிலுவ போட்டேன். அப்பன் சந்தையில பேப்பரக் காட்டிட்டு நிக்குதது எனக்குத் தெரியுது, சத்தியமாத் தெரிஞ்சுது. அப்புறம் பாக்கேன், ஒரு சத்தமும் இல்ல. திரும்பிப் பாத்தா, கொடி. நட்டமா நிக்குது.

ஓடினேன். அவருக்க கையில இருந்து அந்தக் கொடியப் பறிச்சு முட்டுல வச்சு ஒடிச்சு அவருக்க காலுல எறிஞ்சேன். 'சவமே, நீயெல்லாம் ஒரு அத்தானா?'ன்னு கேட்டேன். நீன்னுதான் கேட்டேன். ரெப்ரி சிவப்பு அட்டையக் காட்டினான். வெளிய வந்துட்டேன்.

கோவாக்காரங்ககிட்ட அத்தான் பொறவு போயி என்னமோ பேசினாருன்னு ஜெனிட்டன் சொன்னான். 'சின்னப் பய, நல்ல காலு, எடம் பாத்து நிக்கப் பழகிக்கிடுவான், நான் பொறுப்பு'ன்னு கையெடுத்துக் கேட்டாராம். அவனுவ, 'நிக்க நாங்க சொல்லிக் குடுப்போம், கொடிய ஒடிக்குதவன் வேண்டாம்'னு சொல்லிட்டானுவளாம். பாத்தீங்களா நடிப்ப? எல்லாரும் பாக்க முதுகுல குத்திட்டு, எல்லாரும் பாக்க மருந்து போடுதாரு. ஜெனிட்டன எடுத்துட்டுப் போனானுவ. நல்லா வெளாடினான், வீடு கெட்டினான், இப்பவும் அங்க பயலுவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கான். அவன் மேல எனக்கு ஒரு வெப்ராளமும் இல்ல.

அக்கா வீட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சேன். அக்கா பக்கத்துல இருந்து மீன் கொழம்பு ஊத்துதா. ஊத்திக்கிட்டே, மெதுவா, 'நீ முன்னாலதான மக்கா நின்ன? நானே பாத்தேனே'ன்னா. அத்தான விடுங்க, அவரு வேற வயித்துல பொறந்தவரு. எனக்க கூடப்பொறந்தவ, என்னையத் தூக்கி வளத்தவ, அவளும் அந்தக் கடைசி ஆளப் பாத்துட்டுதான் நின்னிருக்கா, என்னையப் பாக்கல்ல! தட்டத் தள்ளிட்டு எழும்பினேன். அன்னைக்கு எழும்பினதுதான். அப்பன் அடக்கத்துக்கு அவங்க பெட்டிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திருழாவுக்குத் திருழா அக்கா எனக்குப் பலகாரம் குடுத்துவிடுவா, நான் திருப்பி அனுப்பிருவேன். ஷாஜின் சின்னதுல ரோட்டுல பாத்தா மாமான்னு கூப்பிட்டுட்டு ஓடி வருவான். நான் வண்டிக்குள்ள ஏறிக் கதவ அடைச்சிருவேன். எனக்கும் நெஞ்சு வலிக்கும். ஏன் வலிக்காது? வலிச்சா வலிக்கட்டும்னு இருப்பேன்.

என்ன கேட்டீங்க? நான் முன்னாலதான் நின்னேனான்னா?

அதுவா அண்ணாச்சி கேள்வி? இம்புட்டு நேரம் கேட்டுட்டு நீங்க கேக்குத கேள்வி அதுவா? நின்னேன். நாலு அடி முன்னாலதான் நின்னேன். அத்தான் கொடி பிடிக்காருன்னுதான நின்னேன்! வேற எவன் பிடிச்சிருந்தாலும் நின்னிருப்பேனா? அன்னியனுக்கு முன்னால எடம் பாத்து நிக்கணும், செரி. சொந்தக்காரனுக்கு முன்னாலயும் எடம் பாத்துதான் நிக்கணும்னா பொறவு சொந்தம் என்னத்துக்கு? பெண்ணெடுத்த வீட்டுக்கு ஒரு நாலு அடி விட்டுக் குடுக்க முடியல்ல அந்த மனுசனுக்கு. நாலு அடி! எனக்க ஆயுசே அந்த நாலு அடியில போச்சு.

ஆங்? நாளைக்கு ஒங்க மகளுக்கும் ஷாஜினுக்கும் ஒரு வழக்கு வந்தா அவரு யாரு பக்கம் நிப்பாருன்னா? நல்லாக் கேட்டீங்க. பெத்த மகன் பக்கம் நிப்பாருன்னு கனவு காணாதீங்க. தப்பு பயலு மேலன்னா பயலு மொகத்துக்கு நேர சொல்லிருவாரு. நாலு பேரு முன்னால வச்சே சொல்லுவாரு. மகன்னும் பாக்கமாட்டாரு, மருமகள்னும் பாக்கமாட்டாரு. ஈவு இரக்கம் கெடையாது. இப்படிப்பட்ட மனுசன் வீட்டுக்கா பொண்ணக் குடுக்கப் போறீங்க?

ஏன் சிரிக்கிறீங்க? எங்க எழும்புதீங்க? பாதிச் சாயா கெடக்கு. அண்ணாச்சி, பஸ்ஸு இந்தப் பக்கம். அங்கோட்டுப் போனா அவரு வீடுதான் வரும். வீட்டுக்கேவா? இம்புட்டும் கேட்டுட்டா?

என்னது?

அவரா? சிலுவைதாசனா ஒங்கள எங்கிட்ட அனுப்பினது? அப்ப நீங்க பஸ்ஸுல இருந்து எறங்கி வரல்லியா, அங்க போயிட்டுதான் வாறீங்களா? என்னன்னு சொல்லி அனுப்பினாரு? 'சாயாக்கடையில பையனுக்க மாமன் இருப்பான், எங்கள நல்லாத் தெரிஞ்சவன் அவன்தான், அவன் சொல்லுதத முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க'ன்னா? நான் ஏசுவேன்னு தெரியும்லா அவருக்கு? தெரிஞ்சுமா? அக்கா என்ன சொன்னா? மாமன் கையப் பிடிச்சுதான் மகன் கோயிலுக்கு நடக்கணும்னா? வேற ஆளு வேண்டாம்னா?

ஸ்டீபா, அந்த ரேடியோவக் கொஞ்சம் நிறுத்துலே. மனுசன் பேசுதது கேக்கல்ல.

செரி. போயிச் சொல்லுங்க. நான் வாறேன். பயலுக்குப் புது வேட்டி நான் எடுக்கேன், கையப் பிடிச்சுக் கோயிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எனக்க முறைய நான் விடமாட்டேன். ஆனா ஒரே ஒரு காரியம். கடைசியா நான் போட்டது கோலுதான்னு அந்த மனுசன் ஒரு மட்டம் சொல்லட்டும். ஊரு முன்னால வேண்டாம், மைக்குல வேண்டாம். எங்கிட்ட மட்டும், காதோட. 'அது கோலுதாம்லே ரூபா'ன்னு. அம்புட்டுதான். ஒரு வார்த்த. மகன் கலியாணத்துக்கு வேண்டி ஒரு அப்பன் ஒரு வார்த்த சொல்லப்படாதா?

சொல்லுவாருன்னா சொல்லுதீங்க?

இல்ல அண்ணாச்சி. சொல்லமாட்டாரு. செத்தாலும் சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியாதா அவர.